வேலை நடந்திருக்கிறது, அறிக்கையில் காணோம்: மாதக் கணக்கில் வரும் கோளாறுகளை அறிகுறி வாரியாகச் சரிபார்ப்பது

கோத்தகிரியில் உட்கார்ந்துகொண்டு, உதகை, குந்தா, கூடலூர், பந்தலூர் வரை சிதறிக் கிடக்கும் ஒரு சோலை (மலைக்காடு) மீட்புத் திட்டத்தின் கணக்கைப் பார்ப்பது என் வேலை. காட்டை ஆக்கிரமித்த வெளிநாட்டு வகைகளான சீகை மரமும் (வாட்டில்) உண்ணிச்செடியும் (லன்டானா) அகற்றுகிறோம், சோலை நாற்று நடுகிறோம், ஊர்களில் ஊற்று சீரமைக்கிறோம். களத்தில் இருப்பவர்கள் போனில் கோபோ கலெக்ட் ஆப்பில் ஃபார்ம் நிரப்புகிறார்கள். அது சர்வருக்குப் போகிறது, சர்வரிலிருந்து எக்செல், எக்செலிலிருந்து மாத அறிக்கை. மாதம் பிறந்து முதல் ஐந்து நாளில் திரும்பத் திரும்ப அதே கோளாறுகள்தான் வருகின்றன, சரிசெய்து சரிசெய்து கைக்குப் பழகிவிட்டதால் எழுதி வைக்கிறேன். உங்களுடையது ஓடிகே (இதே மாதிரி இன்னொரு ஃபார்ம் ஆப்) ஆகவோ கூகுள் ஷீட் ஆகவோ இருந்தாலும் அறிகுறிகள் பெரும்பாலும் இவைதான்.

தொடங்கும் முன் ஒன்று. எண் தப்பாகத் தெரிந்தால் உடனே எக்செலைத் தோண்டாதீர்கள், களத்தில் இருப்பவருக்கு ஒரு போன் போடுங்கள். பாதி நேரம் பதில் அங்கேயே கிடைத்துவிடும். நாள் முழுக்க மழையில் நின்று நாற்று நட்ட ஓர் அக்காவின் பெயருக்கு நேரே பூஜ்யம் போட்டு அறிக்கை போவது எனக்குப் பொறுக்காது.

## அறிகுறி: வேலை நடந்திருக்கிறது, அறிக்கையில் பூஜ்யம்

அதிகம் வருவது இதுதான், அதுவும் ஜூன், ஜூலையில். தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டும்போதுதான் அங்கே நடவு மும்முரமாக நடக்கும், அதே நாள்களில்தான் மரம் விழுந்து கரண்ட் போகும், டவர் போகும். வேலை அதிகம் நடக்கிற மாதத்தில்தான் தகவல் குறைவாக வந்து சேரும் என்பதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தகவல் எங்கே நிற்கிறது என்று போனிலிருந்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டு வர வேண்டும்.

### போனிலேயே நிற்கிறதா?

"அனுப்பிட்டேன் அண்ணா" என்று சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. ஃபார்மின் கடைசிப் பக்கத்தில் பட்டனை அழுத்தியதை அனுப்பியதாக நினைத்திருப்பார்கள். ஆப்பைத் திறந்து மூன்று இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: டிராஃப்ட்ஸ், ரெடி டு சென்ட், சென்ட்.

டிராஃப்ட்ஸில் இருந்தால் ஃபார்ம் இன்னும் முடியவில்லை, கட்டாயக் கேள்வி ஏதோ விட்டுப்போயிருக்கும். திறந்து கடைசிவரை போய் முடிக்க வேண்டும். ரெடி டு சென்டில் இருந்தால் முடிந்தது, ஆனால் கிளம்பவில்லை. செட்டிங்கில் தானாக அனுப்புவது 'வைஃபை மட்டும்' என்று இருக்கிறதா பாருங்கள். எஸ்டேட் லைனில் குடியிருப்பவருக்கு வைஃபை எங்கிருந்து வரும்? வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். வைஃபை அல்லது மொபைல் டேட்டா, எது கிடைத்தாலும் அனுப்பு என்று மாற்றுங்கள்.

அது சரியாக இருந்தும் கிளம்பவில்லை, பாதியில் நின்று நின்று போகிறது என்றால் போட்டோதான் காரணம். இன்றைய போன் கேமராவில் ஒரு படம் நான்கைந்து எம்பி வந்துவிடுகிறது, நான்கு படம் வைத்த ஃபார்மை ஒற்றைக் கோடு சிக்னலில் தள்ள முடியாது. ஃபார்மிலேயே படத்தின் நீளப்பக்கம் 1024 பிக்சலுக்கு மேல் போகக்கூடாது என்று வைத்துவிடலாம், நாற்று நட்டதற்குச் சாட்சியாக அது தாராளம். ஏற்கெனவே மாட்டிக்கொண்ட ஃபார்மை எதுவும் செய்யாமல், சிக்னல் நன்றாக வரும் இடத்துக்குப் போகும்போது அனுப்பச் சொல்லுங்கள். சந்தைக்கு டவுனுக்கு வருகிற நாளில் பஸ் ஸ்டாண்டில் நின்று அனுப்புவதை எங்கள் ஆட்கள் வழக்கமாக்கிக்கொண்டார்கள். அன்றிலிருந்து பாதித் தொல்லை குறைந்தது.

செய்யவே கூடாத ஒன்று இருக்கிறது. "ஆப் மாட்டுது, அழிச்சிட்டு மறுபடி போடு" என்று யாராவது யோசனை சொல்வார்கள். அனுப்பாத ஃபார்ம் உள்ளே இருக்கும்போது ஆப்பை நீக்கினாலும், ஆப்பின் ஸ்டோரேஜை அழித்தாலும் அந்த ஃபார்ம்களும் சேர்ந்து போய்விடும், திரும்ப வராது. ஒருமுறை அப்படி மூன்று வார நடவுக் கணக்கு போனது. ஒவ்வொரு தோட்டமாகத் திரும்ப ஏறி இறங்கி எண்ண வேண்டியிருந்தது, போன தேதிகளை யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை.

### சர்வரில் இருக்கிறது, எக்செலில் இல்லையா?

முதலில், எப்போது டவுன்லோடு செய்த கோப்பு என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், முந்தின நாள் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் தேடுவது எல்லோருக்கும் நடக்கிறது.

கோப்பு புதியது, வரிசையும் இருக்கிறது, ஆனால் சில கட்டங்கள் மட்டும் காலி என்றால் இடையில் ஃபார்மை யாரோ திருத்தியிருக்கிறார்கள். கேள்வியின் உள்பெயர் (நிரப்புபவருக்குத் தெரியாமல் கணினி வைத்துக்கொள்ளும் பெயர்) மாறினால் பழைய பதில் ஒரு நிரலிலும் (நெடுவரிசை) புதிய பதில் இன்னொரு நிரலிலும் விழும். கோபோவில் டவுன்லோடு செய்யும்போது எல்லா வெர்ஷன்களின் கேள்விகளையும் சேர்க்கும் டிக் இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டால் இரண்டு நிரலும் வரும், எக்செலில் ஒன்றாக்கிக்கொள்ளலாம். திட்டம் நடுவில் இருக்கும்போது கேள்வியின் வாசகத்தை எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றுங்கள், உள்பெயரைத் தொடாதீர்கள்.

### எக்செலில் இருக்கிறது, அறிக்கை அட்டவணையில் இல்லையா?

எக்செலில் ரிஃப்ரெஷ் ஆல் அழுத்துங்கள். பிவட் அட்டவணை (வரிசைகளைக் கூட்டிச் சுருக்கித் தரும் எக்செல் அட்டவணை) தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது.

அப்படியும் வரவில்லை என்றால் பிவட் எந்த வரிசைவரை எடுக்கிறது என்று பாருங்கள். 500ஆவது வரிசைவரை என்று எப்போதோ கட்டியிருப்பார்கள், 501ஆவதிலிருந்து உள்ள வேலை முழுக்க வெளியே நிற்கும். மூலத் தகவலை கன்ட்ரோல் டி போட்டு டேபிளாக மாற்றி, பிவட்டை அந்த டேபிளின் பெயரோடு இணைத்துவிட்டால் இந்தப் பிரச்சினை அதோடு ஒழிந்தது.

புதிய ஊர் மட்டும் வரவில்லை என்றால் ஃபில்டர். பிவட்டில் ஊர்ப் பெயர்களைக் கையால் டிக் போட்டுத் தேர்ந்தெடுத்திருந்தால், அதற்குப் பிறகு சேரும் ஊருக்கு டிக் விழாது, நாமேதான் போட வேண்டும்.

ஊர் வருகிறது, எதிரே பூஜ்யம் வருகிறது என்றால் எண் இருக்க வேண்டிய கட்டத்தில் எழுத்து இருக்கிறது. "12 ஏக்கர்" என்று யாரோ அடித்திருப்பார்கள், கூட்டலில் எக்செல் அதைச் சேர்க்காது. எண் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம். நிரலை மேலிருந்து கீழாக ஓட்டினாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

எப்போது ஆள் வேண்டும்: போனில் 'சென்ட்' என்று இருக்கிறது, சர்வரில் வரிசையே இல்லை என்றால் அதற்குமேல் நீங்கள் தோண்ட வேண்டாம். போன் வேறு கணக்குக்கோ வேறு ஃபார்முக்கோ அனுப்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு, போனில் இருப்பதை எதுவும் அழிக்காமல், சர்வரை நிர்வகிப்பவரிடம் தேதி, நேரம், ஃபார்மின் பெயரோடு சொல்லுங்கள்.

## அறிகுறி: முன்னேற்றம் 130 சதவீதம்

இலக்கைத் தாண்டிவிட்டோம் என்று மேலதிகாரி கைதட்டும் முன் நிறுத்திப் பாருங்கள்.

அலகு. இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். திட்ட ஆவணம் ஹெக்டேரில் பேசும், களத்தில் எல்லோரும் ஏக்கரிலும் சென்ட்டிலும் பேசுவார்கள். இலக்கு 40 ஹெக்டேர், ஃபார்மில் வந்த கூட்டல் 52, ஆஹா 130 சதவீதம். அந்த 52 ஏக்கர் என்றால் 21 ஹெக்டேர்தான், பாதிவழிதான் வந்திருக்கிறோம். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஒரு ஏக்கர் 100 சென்ட். ஃபார்மில் எண்ணுக்குப் பக்கத்தில் அலகைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி ஒன்று வையுங்கள், மாற்றுவதை எக்செல் பார்த்துக்கொள்ளட்டும். களத்தில் இருப்பவரை ஹெக்டேரில் யோசிக்கச் சொல்வது நியாயமில்லை, அவருக்கு அந்த நிலம் ஏக்கரில்தான் தெரியும்.

இரட்டிப்பு. ஒரே ஃபார்மை ஆப் இரண்டு முறை அனுப்பினால் பெரும்பாலும் சர்வரே பிடித்துவிடும். பிரச்சினை வேறு: அனுப்பினோமா இல்லையா என்ற சந்தேகத்தில் புதிதாக இன்னொரு ஃபார்ம் நிரப்பி அனுப்பியிருப்பார்கள், அல்லது ஒரே நாள் வேலையைக் களப்பணியாளரும் அவருடைய மேற்பார்வையாளரும் தனித்தனியாகப் பதிந்திருப்பார்கள். தேதி, ஊர், இடம் மூன்றையும் ஒட்டி ஒரு நிரல் உருவாக்கி, ஒன்றுக்கு மேல் வருவதை வண்ணம் அடித்துப் பாருங்கள். சந்தேகம் உள்ளதை நீங்களாக நீக்காதீர்கள், கேட்டுவிட்டு நீக்குங்கள். ஒரே நாளில் ஒரே தோட்டத்தில் இரண்டு குழு வேலை செய்வதும் நடக்கும்.

ஒரே நிலம், இரண்டாம் வெட்டு. இதுதான் என்னை அதிக காலம் ஏமாற்றியது. உண்ணிச்செடியை ஒருமுறை அகற்றினால் முடிந்துவிடாது, வேர் விட்டுப்போனால் துளிர்க்கும், விதையிலிருந்தும் வரும். சீகை வெட்டின இடத்தில் வெயில் பட்டதும் புல் மாதிரி சீகைக் கன்று முளைக்கும். அதனால் அதே 3 ஏக்கருக்கு அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும் ஆள் போகிறது, உழைக்கிறது, ஃபார்ம் போடுகிறது. எல்லாம் உண்மையான வேலை, ஆனால் நிலம் அதே 3 ஏக்கர். ஃபார்மில் 'முதல் அகற்றல்', 'பராமரிப்பு' என்று பிரித்து, பரப்பளவில் முதலாவதை மட்டும் எண்ணுங்கள். பராமரிப்பை அறிக்கையில் தனி வரியாக, ஆள் நாள் கணக்கோடு காட்டுங்கள். அதைக் காட்டாமல் விட்டால், அடுத்த நிதி வரும்போது பராமரிப்புக்குப் பணமே ஒதுக்க மாட்டார்கள், வெட்டின இடமெல்லாம் மறுபடி சீகைக் காடாகும்.

சரிவு. மலையில் மட்டும் வரும் தொல்லை. டேப் பிடித்து அளப்பவர் சரிவின் மேல் அளக்கிறார், ஜிபிஎஸ் அல்லது வரைபடம் மேலிருந்து பார்த்து அளக்கிறது. 30 டிகிரி சரிவில் டேப்பில் 100 மீட்டர் என்றால் வரைபடத்தில் 87 மீட்டர்தான். டேப்பில் ஒரு ஹெக்டேர் வந்த சரிவு வரைபடத்தில் 0.87 ஆகத் தெரிவது யாருடைய தப்பும் இல்லை. எந்த முறை என்று திட்டத் தொடக்கத்திலேயே முடிவு செய்து கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

சராசரி. ஊர்வாரியான சதவீதங்களைக் கூட்டி வகுத்தால் தப்பு வரும். ஓர் ஊரில் 10க்கு 10, அடுத்ததில் 40க்கு 20, மூன்றாவதில் 150க்கு 30 நாற்றுக்குழி முடிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100, 50, 20 என்ற மூன்று சதவீதத்தின் சராசரி 57. உண்மையில் 200க்கு 60, அதாவது 30 சதவீதம். முதலில் எண்களைக் கூட்டுங்கள், கடைசியில் ஒரே ஒருமுறை வகுங்கள்.

எல்லாம் பார்த்தும் சந்தேகம் என்றால் இரண்டு எண்ணை ஒன்றோடு ஒன்று மோதவிட்டுப் பாருங்கள். இரண்டு மீட்டர் இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டேருக்கு 2500 நாற்றுதான் கொள்ளும். 2 ஹெக்டேரில் 11,000 நாற்று என்று அறிக்கை சொன்னால் பரப்பளவு அல்லது நாற்றுக் கணக்கு, ஏதோ ஒன்று தப்பு.

எப்போது ஆள் வேண்டும்: எல்லையே தகராறாக இருந்தால், அதாவது பக்கத்துப் பக்கத்து இரண்டு துண்டு ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தால், ஜிஐஎஸ் (கணினி வரைபட மென்பொருள்) தெரிந்த ஒருவரை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் எல்லையை நடந்து வரைந்துவிடுங்கள். காசு ஆகும், ஆனால் ஒருமுறைதான்.

## அறிகுறி: ஒரே ஊர் மூன்று ஊராக வருகிறது

கீழ்கோத்தகிரி, கீழ் கோத்தகிரி, கீழ்க்கோத்தகிரி. நமக்கு ஒரே ஊர், எக்செலுக்கு மூன்று ஊர். உதகை, ஊட்டி, உதகமண்டலம் மூன்றும் அப்படித்தான். ஒசஹட்டி, ஒசட்டி, ஹொசஹட்டி என்று ஆளாளுக்கு ஒன்று எழுதுவார்கள்.

முதல் காரணம் இடைவெளி. பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஸ்பேஸ் ஒன்று ஒட்டியிருக்கும். எக்செலில் டிரிம் என்ற சூத்திரம் போட்டால் போகும். போகவில்லை என்றால் அது சாதாரண ஸ்பேஸ் இல்லை, இணையப் பக்கத்திலிருந்து காப்பி செய்தபோது வந்த 160ஆம் எண் ஸ்பேஸ். டிரிம் அதைத் தொடாது, சப்ஸ்டிடியூட் சூத்திரம் வைத்து அந்த எண்ணைக் காலியாக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் தமிழுக்கே உரியது, தெரியாவிட்டால் தலைமுடியைப் பிய்த்துக்கொள்வோம். 'கோ' என்ற எழுத்தை கணினி இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: க-வோடு ஒற்றைக் குறியாக ஓகாரம், அல்லது க-வோடு இரட்டைச்சுழிக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறியாக. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். சில கீபோர்டுகளும் பழைய எழுத்துரு மாற்றிகளும் இரண்டாவது விதத்தில் விட்டுவிடும். அறிய ஒரு வழி: லென் சூத்திரம் போட்டு நீளத்தை எண்ணுங்கள். 'கோத்தகிரி'க்கு 9 வர வேண்டும். 10 வந்தால் கோ பிரிந்து கிடக்கிறது, அல்லது ஸ்பேஸ் ஒட்டியிருக்கிறது. கொ, கௌ எழுத்துகளுக்கும் இதே கதி உண்டு.

சில நூறு வரிசை என்றால் கையாலேயே தட்டி மாற்றிவிடலாம். ஆயிரக்கணக்கில் இருந்தால் புரோகிராம் எழுதத் தெரிந்த யாரிடமாவது 'யுனிகோடு நார்மலைசேஷன், என்எஃப்சி' என்று சொல்லிக் கோப்பைக் கொடுங்கள், அவருக்கு அது ஐந்து நிமிட வேலை. உள்ளூர்க் கல்லூரியில் கணினி படிக்கும் தம்பி தங்கைகளே செய்து தருவார்கள்.

நிரந்தரத் தீர்வு, ஊர்ப் பெயரை யாரும் தட்டச்சு செய்யவே விடக்கூடாது. ஃபார்மில் பட்டியல் கொடுங்கள், தாலுகா தேர்ந்தெடுத்ததும் அந்தத் தாலுகா ஊர்கள் மட்டும் வரட்டும், ஒவ்வோர் ஊருக்கும் பின்னால் ஓர் எண் இருக்கட்டும், கணக்கெல்லாம் எண்ணை வைத்தே ஓடட்டும். எண் அவசியம், ஏனென்றால் பெயர் ஒன்றாக இருந்தும் ஊர் வேறாக இருக்கும். ஒசஹட்டி என்றால் புது ஊர் என்று பொருள், அந்தப் பெயர் ஒரே ஓர் ஊருக்குத்தான் இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது. கூடலூர் தேனி மாவட்டத்திலும் இருக்கிறது. பெயரை வைத்து வரைபடம் வரைந்தால் நம் நாற்றெல்லாம் கம்பம் பள்ளத்தாக்கில் போய் நிற்கும்.

பட்டியல் போடும்போது ஊர்க்காரர்கள் தங்கள் ஊரை எப்படிச் சொல்கிறார்களோ அந்தப் பெயரையே போடுங்கள், அரசுப் பதிவேட்டுப் பெயர் பின்னால் இருக்கட்டும். தன் ஊர்ப் பெயர் பட்டியலில் இல்லை என்று நினைத்து 'மற்றவை'யை அழுத்திவிட்டால் நம் உழைப்பெல்லாம் வீண்.

## அறிகுறி: போன மாதத்தைவிட இந்த மாதம் குறைந்துவிட்டது

நட்ட நாற்று திரும்ப பைக்குள் போகாது. அதனால் மொத்தம் குறைந்தால் கணக்கில்தான் கோளாறு.

கேள்வியைப் படித்துப் பாருங்கள். "எத்தனை நாற்று நடப்பட்டது?" என்று மட்டும் இருந்தால் ஒருவர் அந்த மாதத்துக்கு எழுதுவார், இன்னொருவர் தொடக்கத்திலிருந்து மொத்தம் எழுதுவார். ஜூனில் 120, ஜூலையில் 310, ஆகஸ்ட்டில் 80 என்று வந்தால் நடுவில் ஒருமுறை மொத்தத்தை எழுதிவிட்டார் என்று அர்த்தம். மாதத்துக்கு ஒன்று என்பதை விட்டு, நடவு நடந்த நாளுக்கு ஒரு ஃபார்ம் என்று மாற்றுங்கள், கேள்வியை "இன்று எத்தனை?" என்று வையுங்கள். மொத்தம் போடுவது மென்பொருளின் வேலை, மனிதரிடம் கேட்கக் கூடாது.

பனிக்காலத்தில் இது இன்னொரு விதமாக வரும். டிசம்பர், ஜனவரியில் உதகை, குந்தா பக்கம் உறைபனி விழுந்து இளங்கன்று கருகும். மனசாட்சி உள்ள களப்பணியாளர் செத்ததைக் கழித்துவிட்டுப் பழைய பதிவையே திருத்துவார். அவருடைய நேர்மைக்கு இடம் கொடுங்கள்: 'நட்டது' ஒரு நிரல், அதை யாரும் தொடக்கூடாது, 'உயிரோடு இருப்பது' வேறொரு நிரல், எண்ணிப் பார்த்த தேதியோடு.

குறையவில்லை, ஆனால் போன மாத அறிக்கையின் எண்ணே இப்போது மாறித் தெரிகிறது என்றால், தாமதமாக வந்த ஃபார்ம்கள் பழைய மாதத்தில் போய் உட்கார்ந்திருக்கின்றன. அது சரியான நடத்தைதான். ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி மாலை கோப்பை நகல் எடுத்துப் பூட்டிவிட்டு அதிலிருந்து மட்டும் அறிக்கை எழுதுங்கள், பிறகு வந்தவற்றை அடுத்த அறிக்கையில் 'பின்னர் வந்தவை' என்று தனி வரியில் காட்டுங்கள். கேட்பவருக்கு இரண்டு எண்ணுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை விரல் வைத்துக் காட்ட முடியும்.

## அறிகுறி: வேலை தவறான மாதத்தில் விழுகிறது

முதலில், எந்தத் தேதி? அனுப்பிய தேதியை வைத்து மாதம் பிரித்திருந்தால் டவர் இல்லாத ஊரெல்லாம் எப்போதும் ஒரு மாதம் பின்தங்கியே தெரியும். வேலை நடந்த தேதியைத் தனிக் கேள்வியாக வைத்து அதை மட்டும் பயன்படுத்துங்கள். போதாததற்கு, கோபோவில் சப்மிஷன் நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாகிறது, நம் நேரத்தைவிட ஐந்தரை மணி பின்னால்.

இன்னொன்று நாளும் மாதமும் இடம் மாறுவது. கணினி அமெரிக்க முறையில் இருந்தால் 05/07 என்று அடித்ததை மே 7 என்று எடுத்துக்கொள்ளும். கண்டுபிடிப்பது எளிது: ஜூலை 1 முதல் 12 வரை செய்த வேலை ஜனவரி 7, பிப்ரவரி 7, மார்ச் 7 என்று எல்லா மாதத்திலும் ஏழாம் தேதியில் பரவிக் கிடக்கும், 13 முதல் உள்ளவை எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். விண்டோஸில் பகுதியை இந்தியா என்று மாற்றிவிட்டு மூலக் கோப்பை மறுபடி இறக்குங்கள். ஏற்கெனவே மாறிப்போன கோப்பைத் திருத்த உட்காராதீர்கள், மேலும் குழம்பும். தேதி இருக்க வேண்டிய கட்டத்தில் 45,000 சொச்சம் எண் தெரிந்தால் பயப்பட வேண்டாம், எக்செல் நாளை எண்ணாக வைத்திருக்கிறது (45292 என்றால் 2024 ஜனவரி 1), கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் போதும்.

## அறிகுறி: தமிழ் எழுத்து குலைந்து தெரிகிறது

சிஎஸ்வி (வெறும் எழுத்தாக, காற்புள்ளியால் பிரித்துச் சேமித்த அட்டவணை) கோப்பை இரட்டைத் தட்டு தட்டித் திறந்திருப்பீர்கள். தலையில் கோடும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்தாகத் தெரியும். சேமிக்காமல் மூடுங்கள். எக்செலில் டேட்டா பகுதிக்குப் போய் சிஎஸ்வியை உள்ளே கொண்டுவரும் வழியில், 65001 யூடிஎஃப்-8 தேர்ந்தெடுத்துத் திறங்கள். இல்லை, கோபோவிலிருந்தே எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஆக இறக்கிவிடுங்கள், வேலை முடிந்தது. சாதாரண ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் கலைந்து வந்தால் அது வானவில் அல்லது பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு, எழுத்துரு மாற்றியில் போட்டு யுனிகோடாக்க வேண்டும். மாற்றிய பிறகு மேலே சொன்ன 'கோ' சோதனையைச் செய்துவிடுங்கள்.

## அறிகுறி: வரைபடத்தில் புள்ளி எங்கேயோ விழுகிறது

நீலகிரி என்றால் அட்சரேகை 11.4 பக்கம், தீர்க்கரேகை 76.7 பக்கம். இந்த இரண்டு எண்ணை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

புள்ளி வட துருவம் பக்கம் கடலில் விழுந்தால் இரண்டு நிரலும் இடம் மாறிவிட்டன. ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக்கில் விழுந்தால் இரண்டும் பூஜ்யம், லொகேஷன் எடுக்கவே இல்லை. பத்து கிலோமீட்டர் தள்ளி, ஆனால் நம் மாவட்டத்திலேயே விழுந்தால் வேலை நடந்த இடத்தில் எடுக்காமல் வீட்டுக்கு வந்து ஃபார்ம் நிரப்பியிருக்கிறார்கள். திட்டாதீர்கள், மழையில் போனை வெளியே எடுக்க முடியாமல் இருந்திருக்கும். ஒரு ஜிப் உறை வாங்கிக் கொடுங்கள்.

ஐம்பது நூறு மீட்டர் மட்டும் தள்ளி இருந்தால் அது சோலைக்குள் நின்று எடுத்தது. மூடின மரத்தடியிலும் குறுகிய பள்ளத்திலும் செயற்கைக்கோள் சரியாகப் பிடிக்காது. திரையில் துல்லிய எண் 10 மீட்டருக்குக் கீழே இறங்கும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள், இறங்கவில்லை என்றால் பக்கத்துத் திறந்த வெளிக்கு வந்து எடுத்துவிட்டு, எத்தனை அடி தள்ளி என்று குறிப்பில் எழுதினால் போதும். எண்ணைக் கையால் எழுதி அனுப்பினால் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கமாவது வேண்டும், நான்காவது இலக்கம் ஏறத்தாழ 11 மீட்டர்.

## அறிகுறி: 90 சதவீதத்திலேயே மாதக்கணக்கில் நிற்கிறது

இதில் மென்பொருளைத் தேடிப் பயனில்லை. "எவ்வளவு முடிந்தது?" என்று கேட்டு ஒருவர் மனதில் பட்ட சதவீதத்தை எழுதியிருக்கிறார். எங்கள் ஊற்று சீரமைப்பில் இப்படித்தான் ஆனது. தூர் வாரியதும் 70, சுவர் கட்டியதும் 90, பிறகு நான்கு மாதம் 90. மீதி இருந்தது தண்ணீர்ப் பரிசோதனையும் ஊர்க்கூட்டமும். சிறிய வேலை மாதிரித்தான் தெரியும், ஆனால் பரிசோதனை முடியாமல் ஊர்க்காரர் அந்தத் தண்ணீரை எடுக்க மாட்டார்.

சதவீதக் கேள்வியை எடுத்துவிடுங்கள். படிகளைப் பட்டியலிடுங்கள்: கணக்கெடுப்பு, ஊர் ஒப்புதல், தூர் வாருதல், சுவரும் மூடியும், மேலே நீர்ப்பிடிப்புப் பகுதியில் வேலி, தண்ணீர்ப் பரிசோதனை, ஊரிடம் ஒப்படைத்தல். ஒவ்வொன்றுக்கும் முடிந்தது, முடியவில்லை, இரண்டே பதில். எந்தப் படிக்கு எவ்வளவு எடை என்பதைத் தொடக்கத்திலேயே உட்கார்ந்து பேசி எழுதிவையுங்கள், அதில் களப்பணியாளர் கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் ஊர் ஒப்புதல் வாங்க எத்தனை சாயங்காலம் போகும் என்று அலுவலகத்தில் இருக்கும் நமக்குத் தெரியாது. அறிக்கையில் சதவீதத்துக்குப் பக்கத்தில் எந்தப் படியில் நிற்கிறது, யாருக்காகக் காத்திருக்கிறது என்று ஒரு வரி போடுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் எங்கள் பரிசோதனைகள் நகர்ந்தன.

## அறிகுறி: போன் நனைந்துவிட்டது, அனுப்பாத ஃபார்ம் உள்ளே இருக்கிறது

கடைசியாக வைத்திருக்கிறேன், செலவு அதிகம் பிடிப்பது இதுதான். போனை ஆஃப் செய்யுங்கள், சார்ஜில் போடாதீர்கள், ஆன் ஆகிறதா என்று திரும்பத் திரும்ப அழுத்திப் பார்க்காதீர்கள். துடைத்து, கவர், சிம் கழற்றி, காற்றோட்டமாக வையுங்கள். அடுப்புக்கு மேல் வைக்க வேண்டாம்.

காய்ந்து ஆன் ஆனால் வேறு எதுவும் செய்யும் முன் நேராக ரெடி டு சென்ட். ஆன் ஆகிறது, திரை மட்டும் தெரியவில்லை என்றால் தகவல் பத்திரமாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போதுதான் ரிப்பேர் கடைக்குப் போக வேண்டும். கடைக்காரரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "அண்ணா, டிஸ்பிளே மட்டும் மாத்துங்க, ரீசெட் பண்ணாதீங்க, உள்ள இருக்கிற டேட்டாதான் எனக்கு வேணும்." அதை ஒரு சீட்டில் எழுதி போனின் பின்னால் ஒட்டியும் கொடுங்கள், ஏனென்றால் நீங்கள் பேசியவர் ஒருவராகவும் மறுநாள் கழற்றிப் பார்ப்பவர் வேறொருவராகவும் இருப்பார்.